52 பாகை நீரும் 2 நிமிடமும்: மத்திய, ஊவா மாகாண விவசாயத் திணைக்களங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாகாண விவசாயப் பணிப்பாளர்களுக்கும், கமநல சேவை நிலையப் பொறுப்பாளர்களுக்கும், களத்தில் நிற்கும் விவசாயப் போதனாசிரியர்களுக்கும்,

அறுவடைக்குப் பிறகு பழம் கெடாமல் காப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் நாங்கள். மலையகத்துப் பழம் சந்தைக்குப் போகும் வழியிலேயே பூஞ்சணம் பிடித்து வீணாகிறது. இதைத் தடுக்கச் சுடுநீர்ப் பரிகரிப்பை, அதாவது பழத்தை அளவான சூட்டு நீரில் சில நிமிடம் முக்கி எடுப்பதை, கமநல சேவை நிலையங்களில் பொதுவசதியாகத் தொடங்குங்கள் என்று கேட்கவே இம்மடல். கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு. தொட்டிகளை மட்டும் வாங்கி இறக்கினால் இந்த வேலை தோற்றுப்போகும். நீரின் வெப்பம் சில பாகை (செல்சியஸ்) குறைந்தால் பூஞ்சணம் பிழைத்துக்கொள்ளும், இரண்டு மூன்று பாகை கூடினால் தோல் வெந்துவிடும். வெந்த பழத்தை ஒருமுறை கண்ட விவசாயி மறுபடி அந்தத் தொட்டிப் பக்கம் வரமாட்டார். ஆகவே பணத்தை எங்கே செலவிட வேண்டும், எங்கே செலவிடக்கூடாது என்பதை விவரமாகவே எழுதுகிறோம்.

முதலில் நோயைப் பற்றி. தோடம்பழம், மண்டரின், எலுமிச்சை ஆகியவற்றில் பச்சையாகவும் நீலமாகவும் படரும் மாப்பொடி போன்ற பூஞ்சணங்கள் இரண்டும் பெனிசிலியம் இனத்தவை. நல்ல தோலை அவற்றால் துளைக்க முடியாது. நகம் பட்ட கீறல், கத்தரியின் நுனி குத்திய இடம், காம்பைப் பிடுங்கியதால் கிழிந்த தோல், கூடைக்குள் கிடந்த ஒரு மணல் துகள் உரசிய இடம் என ஏதாவது ஒரு காயம் வேண்டும். காயத்தில் கசியும் சாற்றில் வித்தி, அதாவது பூஞ்சணத்தின் விதை போன்ற நுண்துகள், ஊறி முளைக்கிறது. 20 முதல் 25 பாகை வெப்பத்தில் ஓரிரு நாளுக்குள் அது தோலுக்குள் வேரூன்றிவிடும். மாம்பழத்திலும் பப்பாசியிலும் கதை வேறு. கரும்புள்ளி நோயைத் தரும் கொலற்றோட்ரைக்கம் பூஞ்சணம் காய் மரத்தில் பச்சையாக இருக்கும்போதே மழைநீரோடு வந்து தோலுக்கடியில் ஒட்டிக்கொண்டு உறங்கும். பழம் கனியத் தொடங்கியதும் விழித்துக்கொள்ளும். பறிக்கும்போது குறையில்லாமல் தெரிந்த பழம் கடையில் கறுப்பதற்கு இதுதான் காரணம்.

மலையகத்தின் குளிர் இந்த விஷயத்தில் நம்மை ஏமாற்றுகிறது. நுவரெலியாவிலோ வெலிமடையிலோ 15, 16 பாகையில் பழம் கிடக்கும்போது பெனிசிலியம் மெல்லத்தான் வளரும். எல்லாம் சரி என்று கூடையில் அடுக்கி அனுப்புகிறோம். லொறி கீழே இறங்க இறங்கச் சூடு ஏறுகிறது. தம்புள்ளையிலோ கொழும்பிலோ 30 பாகையில் கூடையைத் திறக்கும்போது மேலேயே கேடு தொடங்கிவிட்ட பழம் வெளியே தெரிகிறது. குற்றம் லொறிக்காரர் தலையிலும் கடைக்காரர் தலையிலும் விழுகிறது. பூஞ்சணமோ மலையிலேயே ஏறிக்கொண்டது. அதை மலையிலேயே, பறித்த 24 மணித்தியாலத்துக்குள் தடுக்க வேண்டும். முளைவிட்டுத் தோலுக்குள் ஆழமாய்ப் போன பூஞ்சணத்தைச் சூடு எட்டாது.

சூடு செய்யும் வேலை இரண்டு விதம். தோலின் மேலும் காயத்தின் மேற்பரப்பிலும் இருக்கும் வித்திகளைக் கொல்வது முதலாவது. ஈரத்தில் ஊறி முளைக்கத் தொடங்கிய வித்தி, உலர்ந்து கிடக்கும் வித்தியைவிட எளிதாகச் சாகும். காற்றைவிட நீர் வெப்பத்தை மிக விரைவாகக் கடத்துவதால், காற்றுக்கு மணித்தியாலக் கணக்கில் ஆகும் வேலையைச் சுடுநீர் நிமிடக் கணக்கில் முடிக்கிறது. இரண்டாவது, பழத்தையே எழுப்பிவிடுவது. அளவான சூடு பட்ட தோலில் இயற்கை மெழுகு இளகி நுண்ணிய வெடிப்புகளை மூடுகிறது. காயத்தைச் சுற்றி மரத்தன்மையான சுவர் எழுகிறது. தோடை வகைத் தோலில் ஸ்கோபரோன் போன்ற எதிர்ப்புப் பொருள்கள் கூடுகின்றன. சூடு அளவை மீறினால் இந்த இரண்டாவது பயன் தலைகீழாகும்: செத்த தோல் எதையும் எதிர்க்காது, பூஞ்சணத்துக்கு அதுவே உணவாகிவிடும். வெந்த பழம் பரிகரிக்காத பழத்தைவிட விரைவாக அழுகுவது இதனால்தான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த வித்தையல்ல. தோடை வகைகளின் கபில அழுகலைச் சுடுநீரால் கட்டுப்படுத்தும் முறை 1922இல் கலிபோர்னியாவில் எழுதப்பட்டது. பப்பாசிக்கு 49 பாகையில் 20 நிமிடம் என்ற கணக்கு 1953இல் ஹவாயில் வந்தது. பூஞ்சணநாசினிகள் மலிவாகக் கிடைத்ததால் சுடுநீர் பின்தள்ளப்பட்டது. அந்த நாசினிகளுக்குப் பெனிசிலியம் பழகிக்கொண்ட பிறகு உலகம் மறுபடி சுடுநீரின் பக்கம் திரும்பியிருக்கிறது. நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021இல் இரசாயன உரத்துக்கும் பீடைகொல்லிகளுக்கும் இறக்குமதித் தடை வந்தபோது என்ன நடந்தது என்று இந்த மலையில் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. தண்ணீருக்கும் விறகுக்கும் கப்பல் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி அளவுகள். தோடம்பழம், மண்டரின் வகைகளுக்கு 50 முதல் 53 பாகை வரை 2 முதல் 3 நிமிடம். 52 பாகையில் 2 நிமிடம் என்று தொடங்கலாம். மாம்பழத்துக்கு, கரும்புள்ளி நோயை நோக்கி, 52 பாகையில் 5 நிமிடம். பப்பாசிக்கு 49 பாகையில் 20 நிமிடம், அதன்பின் சுத்தமான குளிர்ந்த நீரில் ஆற்ற வேண்டும். பீச், பிளம்ஸ் போன்ற கொட்டைப்பழங்களில் வரும் கபில அழுகலுக்கு 50 பாகையை ஒட்டி இரண்டரை நிமிடம். பழ ஈக்காக ஏற்றுமதி மாம்பழத்துக்குச் செய்யும் 46 பாகை, ஒரு மணித்தியாலத்துக்கும் மேற்பட்ட நீண்ட குளியல் வேறு காரியம். அது உள்ளே கிடக்கும் முட்டையையும் புழுவையும் கொல்ல, பழத்தின் நடுவரை சூடேற்றுவது. அந்த எண்ணையும் பூஞ்சணத்துக்கான எண்ணையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் யாராவது ஒருநாள் 52 பாகையில் ஒரு மணித்தியாலம் மாம்பழத்தை அவித்துவிடுவார். தயவுசெய்து ஒரு பழத்துக்கு ஓர் அட்டை, ஒரு அட்டையில் ஒரு எண் என்று வையுங்கள்.

மேலே தந்தவை தொடக்க எண்கள். இனம், பருவம், மழை எல்லாம் இவற்றை ஒன்றிரண்டு பாகை அங்குமிங்கும் நகர்த்தும். அதற்கான சோதனை முறையைப் பிறகு சொல்கிறோம். அதற்கு முன், மலையகத்துக்கென்றே உள்ள ஒரு பிழையைப் பற்றிச் சற்று நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

வெப்பமானியைச் சரிபார்க்கச் சொன்னால் பலரும் செய்வது, அதைக் கொதிக்கும் நீரில் விட்டு 100 காட்டுகிறதா என்று பார்ப்பதுதான். கடற்கரையில் அது சரி. மலையில் காற்றழுத்தம் குறைவு, நீர் முன்னதாகவே கொதித்துவிடும். சுமார் 300 மீற்றர் ஏற ஏற ஒரு பாகை குறையும் என்பது கைக்கணக்கு. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் 94 பாகையை ஒட்டியே கொதிக்கிறது. பண்டாரவளையிலும் ஹட்டனிலும் 96, பதுளையில் 98 அளவில். நுவரெலியாவில் ஒருவர் இலத்திரனியல் வெப்பமானியைக் கொதிநீரில் விட்டு, 94 காட்டுகிறதே, இது பிழை என்று எண்ணி, 6 பாகை கூட்டித் திருத்திவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து அந்தக் கருவி 52 என்று காட்டும்போது தொட்டி நீர் உண்மையில் 46இல் நிற்கும். 46 பாகையில் 2 நிமிடம் தோடம்பழத்துக்கு ஒரு நல்ல குளியல், அவ்வளவே. வித்திகளுக்கு ஒன்றும் ஆகாது. சுடுநீர் முறை நம் ஊருக்குச் சரிவராது என்ற தீர்ப்பு எழுதப்படும், உண்மையில் சரிவராதது வெப்பமானிதான்.

பனிக்கட்டி நீரைக் கொண்டு சரிபாருங்கள். நொறுக்கிய பனிக்கட்டியைக் கோப்பை நிறைய இட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்நீர் ஊற்றி, நன்றாகக் கலக்கி, மூன்று நான்கு நிமிடம் கழித்து வெப்பமானியின் உணரியைக் கோப்பையின் நடுவில் நிறுத்துங்கள். எந்த உயரத்திலும் அது 0 பாகைதான். அதோடு நில்லாமல், பரிகரிக்கும் வெப்பத்துக்கு அருகிலும் ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் சான்றளிக்கப்பட்ட ஒரு வெப்பமானியை வாங்கி வைத்து, நிலையங்களின் கருவிகளை மாதம் ஒருமுறை 50 பாகை நீரில் அதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அரைப் பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தக் கருவியை ஒதுக்கிவிடுங்கள். எங்களிடம் கேட்டால், முதல் ரூபாயைத் தொட்டியில் போடுவதற்கு முன் இதில் போடுங்கள் என்போம்.

அடுத்தது பழத்தின் குளிர். இந்தச் சுடுநீர்க் கணக்குகள் பெரும்பாலும் வெப்பமான நாடுகளிலும் பெரிய பொதியிடும் சாலைகளிலும் எழுதப்பட்டவை. அங்கே பழம் 25 பாகையில் தொட்டிக்கு வருகிறது. இங்கே தை மாசி மாதத்து விடியலில் பறித்த பழம் 10 பாகையில்கூட இருக்கும். 52 பாகை நீருக்கும் 25 பாகைப் பழத்துக்கும் இடைவெளி 27. 10 பாகைப் பழத்துக்கோ 42. அதாவது அதே எடைப் பழம் தொட்டியிலிருந்து ஒன்றரை மடங்கு வெப்பத்தை உறிஞ்சுகிறது. பழத்தை நிழலில் பரப்பி, அறை வெப்பத்துக்கு, அதாவது 18 முதல் 20 பாகைக்கு, வரவிட்ட பிறகே தொட்டியில் இறக்க வேண்டும். வெயிலில் போட்டுச் சூடாக்கக்கூடாது. ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் குளிர்ந்து நிற்கும்.

காத்திருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. தோடை வகைகளின் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. பனியும் மூடுபனியும் பட்டு நீர் நிறைந்து விறைத்திருக்கும் தோலை அழுத்தினால் அவை உடைந்து, கசியும் எண்ணெய் சுற்றியுள்ள தோலைச் சுட்டுவிடும். அந்த நிலையில் சுடுநீரும் பட்டால் பழம் முழுவதும் கபிலப் புள்ளி. ஆகவே பனி உலர்ந்த பிறகு, ஒன்பது பத்து மணிக்கு மேல் பறிப்பது நல்லது. மழை பெய்த மறுநாள் பறித்த பழத்தை அரை நாளாவது ஆறவிட்டுப் பிறகு பரிகரிக்க வேண்டும். காம்பைப் பிடுங்காமல், வட்ட நுனிக் கத்தரியால், பழத்தோடு ஒட்ட நறுக்க வேண்டும். நீண்ட காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்தும். பறிப்பவர்களுக்குப் பருத்திக் கையுறை கொடுங்கள். நகக்காயம் ஒன்றைத் தடுக்கும் கையுறை, தொட்டியின் வேலையில் பாதியை மரத்தடியிலேயே முடித்துவிடுகிறது.

தொட்டிக்கு வருவோம். ஒரு நிலையத்துக்கு 400 லீற்றர் கொள்ளும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி போதும். ஒரு தடவைக்கு 20 கிலோ பழம், அதாவது ஒரு கிலோவுக்கு 20 லீற்றர் நீர். இந்த விகிதத்தில் 18 பாகைப் பழம் முழுவதும் சூடேறினால்கூடத் தொட்டி ஒன்றரைப் பாகைதான் இறங்கும். 2 நிமிடத்தில் தோலும் அதற்கடுத்த சதையும் மட்டுமே சூடேறுவதால், இறக்கம் அரைப் பாகையை ஒட்டி நிற்கும். 200 லீற்றர் பெரலில் 50 கிலோ சாக்கை அப்படியே முக்குவதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே இறக்கம் பல பாகை. அதைவிட மோசம், சாக்கின் நடுவில் நீர் ஓடாது. வெளிச்சுற்றுப் பழம் வெந்திருக்கும், நடுப்பழம் வெறும் ஈரமாகியிருக்கும். பெரல் மலிவு என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து ஏற்காதீர்கள்.

நீர் ஓட வேண்டும். அசையாத தொட்டியில் மேலே 54 பாகையும் அடியில் 48 பாகையும் இருப்பது சாதாரணம், வெப்பமானியை எங்கே தொங்கவிட்டீர்களோ அதற்கேற்பப் பொய் சொல்லும். தொட்டி நீர் முழுவதும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் அளவுக்கு ஒரு பம்பி வேண்டும். அடியிலிருந்து இழுத்து எதிர்ப்பக்கம் மேலே விடட்டும். வீட்டுக் கிணற்றுப் பம்பிகள் பலவும் 40 பாகைக்கு மேற்பட்ட நீருக்காகச் செய்யப்பட்டவையல்ல. அவற்றின் உள்ளடைப்பு சில வாரங்களில் கசியத் தொடங்கும். வாங்கும்போது நீரின் உச்ச வெப்பம் 60 பாகைக்குக் குறையாமல் எழுதப்பட்டிருக்கிறதா என்று தகட்டில் பாருங்கள். சாதாரண பீவீசீ குழாய் 60 பாகையில் இளகும். சூடாக்கியின் அருகே சுடுநீருக்கென்று வரும் குழாயையே பொருத்த வேண்டும். உணரி சூடாக்கிக்கு எதிர்ப்புறம், பழக்கூடையின் உயரத்தில் இருக்கட்டும். சூடாக்கியில் பழம் படாதிருக்க அடியில் 10 சென்றிமீற்றர் உயரத்தில் ஒரு வலைத்தட்டு வேண்டும். தோடம்பழம் மிதக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். மேலே மிதக்கும் பழத்தின் முதுகு காற்றில்தான் இருக்கும். கூடைக்கு வலைமூடி போட்டு முழுவதும் நீருக்குள் அமிழ்த்த வேண்டும்.

400 லீற்றரை 18இலிருந்து 52 பாகைக்கு ஏற்ற ஏறத்தாழ 16 அலகு மின்சாரம் செலவாகும். 6 கிலோவாற்று சூடாக்கி இருந்தால் மூன்று மணித்தியாலத்துக்குள் ஆயத்தம். ஏறிய பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு கூடை வீதம் மணித்தியாலத்துக்கு 240 கிலோ பழம் போகும், அந்தச் சூடாக்கியே வெப்பத்தைப் பிடித்து நிறுத்திவிடும். தொட்டியைச் சுற்றி 5 சென்றிமீற்றர் ரெஜிபோம் கட்டி, இடைவேளைகளில் மேலே மூடி வையுங்கள். மின் கசிவு கண்டதும் தானே துண்டிக்கும் ஆளி இல்லாமல் ஒரு தொட்டிக்கும் மின்னிணைப்புக் கொடுக்கக்கூடாது. ஈரத் தரையில் நின்று வேலை செய்வது மனிதர்கள். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எண்ணி, விறகடுப்பையும் இணைத்தே கட்டச் சொல்கிறோம். சாதாரண அடுப்பில் முதல் சூடேற்றத்துக்கு 20 கிலோ அளவு காய்ந்த விறகு போதும். ஆனால் தொட்டிக்கு நேரடியாகக் கீழே நெருப்பு வைக்க வேண்டாம், அதைக் கட்டுப்படுத்த முடியாது. பக்கத்தில் ஒரு கொதிகலத்தில் 70, 80 பாகை நீர் வைத்துக்கொண்டு, தொட்டி இறங்கும்போது குழாயைத் திறந்து கலப்பதே கையாள எளிது. பம்பிக்கு மட்டும் சிறு மின்னாக்கி போதும்.

வேலை நடக்கும் ஒழுங்கு இது. பழத்தைத் தரம் பிரித்து, காயம் பட்டதையும் மென்மையானதையும் தனியே ஒதுக்குங்கள். அதைத் தொட்டியிலிருந்து தூரத்தில், காற்று வீசும் திசைக்குக் கீழே செய்யுங்கள். பூஞ்சணம் பிடித்த ஒரே பழத்தில் கோடிக்கணக்கில் வித்திகள் உண்டு, ஒருமுறை தட்டினாலே புகையாய்ப் பறக்கும். பிறகு சாதாரண நீரில் மண்ணைக் கழுவுங்கள். குளோரின் சேர்ப்பதானால் இந்தக் கழுவும் நீரில்தான். 5 சதவீதக் கரைசல் என்றால் லீற்றருக்கு 2 மில்லிலீற்றர், அதாவது 100 மில்லிகிராம் குளோரின். சுடுநீர்த் தொட்டியில் குளோரின் ஊற்றவே கூடாது. சூட்டில் அது வேகமாக ஆவியாகிப் பயனும் போகும், மூடிய அறையில் வேலை செய்பவரின் மூச்சையும் பதம்பார்க்கும். கழுவிய பழம் வடிந்ததும் கூடையோடு தொட்டியில் இறங்கட்டும். பழம் நீருக்குள் முழுவதும் போன கணத்திலிருந்து எண்ணுங்கள். மணியடிக்கும் கடிகாரம் ஒன்று சுவரில் வேண்டும், கைத்தொலைபேசி போதாது, ஈரக்கை. கூடை இறங்கியபின் வெப்பம் ஒரு பாகைக்கு மேல் விழுந்தால் அடுத்த தடவை பழத்தைக் குறையுங்கள். நேரத்தைக் கூட்டி ஈடுகட்ட முயலாதீர்கள். நேரத்தோடு சூதாடிய கூடைகளில்தான் வெந்த பழம் அதிகம்.

வெளியே எடுத்த பழத்தை ஒற்றை அடுக்காக வலைத்தட்டில் பரப்பி மின்விசிறியால் உலர்த்த வேண்டும். மலையின் ஈரக்காற்றில் தானாக உலர விட்டால் மணிக்கணக்காகும், அந்த ஈரமே புதிய வித்திகளுக்கு விருந்து. சுடுநீர் பழத்தில் எதையும் விட்டுச்செல்வதில்லை. அதுதான் அதன் பெருமை, அதுதான் அதன் பலவீனமும். நாசினி பூசிய பழத்தைப்போல இதற்குப் பின்காவல் கிடையாது. பரிகரித்த பழத்தை நேற்று அழுகல் கிடந்த கூடையில் அடுக்கினால் செய்தது முழுவதும் வீண். ஆகவே கூடைகளையும் அதே நாள் 60 முதல் 70 பாகை நீரில் கழுவுங்கள். பழைய உரச்சாக்கும் வைக்கோலும் அறைக்குள் வரக்கூடாது. தொட்டி நீரை ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள். அழுகல் பழங்களை நிலையத்தின் பின்புறம் குவிக்காமல் மூடிய பீப்பாயில் சேர்த்து, தூரத்தில் குழிதோண்டிப் புதையுங்கள்.

52 பாகையைப் பிடித்து நிறுத்த வசதியில்லாத இடத்தில் அப்பச்சோடா உதவும். தோடை வகைகளுக்கு 45 பாகை நீரில் லீற்றருக்கு 20 முதல் 30 கிராம் கரைத்து, இரண்டரை நிமிடம் முக்கி எடுத்து, நல்ல நீரால் மெல்ல அலசிவிட வேண்டும். சோடா வித்தியைக் கொல்வதைவிட, காயத்துக்குள் தங்கி முளைக்கவிடாமல் தடுக்கிறது. 45 பாகை சற்று விலகினாலும் தோல் வேகாது. சிறு விவசாயிகளுக்கு இது பொறுப்பான முதற்படி என்று நம்புகிறோம். சோடா கரைத்த நீரைச் செடிகளின் அடியில் கொட்ட வேண்டாம், மண் உவர்க்கும்.

எல்லாப் பழத்தையும் தொட்டியில் இறக்க வேண்டும் என்ற ஆசையையும் அடக்க வேண்டியிருக்கிறது. நுவரெலியாவின் ஸ்ட்ரோபெரியைச் சுடுநீரில் முக்குவதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். 45 பாகையை ஒட்டி 15 நிமிடம் என்ற கணக்குகள் உண்டு. ஈரமான பழம் உலர்வதற்குள் நசிந்துபோகும், பச்சைப் புல்லிகள் வாடிக் கபிலமாகிப் பழம் பழையதுபோலத் தெரியும். 45 பாகைச் சூடான காற்றில் 3 மணித்தியாலம் வைக்கும் முறை ஆய்வுகளில் நல்ல பலன் தந்திருக்கிறது, அதற்கு அடுக்கு வைத்த அறையும் ஈரப்பதக் கட்டுப்பாடும் வேண்டும். சாம்பல் பூஞ்சணம் 0 பாகையிலும் வளரும் என்பதால் குளிரூட்டி மட்டும் அதைத் தீர்க்காது என்பதும் உண்மை. ஆனாலும் இன்றைக்கு ஸ்ட்ரோபெரிக்கு, உலர்ந்த நேரத்தில் பறிப்பதும், பறித்த ஓரிரு மணித்தியாலத்துக்குள் குளிரவைப்பதுமே சிறந்த செலவு. பட்டர் புரூட்டையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதன் தோல் சூட்டில் கறுத்து இறுகும். காம்பில் சிறு துண்டை விட்டு நறுக்குவதும், நிலத்தில் விழுந்ததைக் கலக்காமலிருப்பதும் அதற்குக் கூடுதல் பயன் தரும். பியர்ஸுக்கு உள்ளூர்ச் சோதனை முடியும்வரை எண் எதையும் அட்டையில் எழுதாதீர்கள்.

மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளின் வாட்டும் தட்டுகளைப் பழத்துக்குப் பயன்படுத்தலாமே என்ற யோசனையும் எழக்கூடும். தோடை வகைகளை 36 பாகையில் மூன்று நாள் வைத்துக் காயங்களை ஆற்றும் முறை உண்மையில் உண்டு, பலனும் உறுதி. ஆனால் அதற்குக் காற்றின் ஈரப்பதம் 95 சதவீதம் இருக்க வேண்டும். கொழுந்து வாட்டும் காற்று ஈரத்தை உறிஞ்சவே வீசுகிறது. அந்தக் காற்றில் மூன்று நாள் கிடந்த மண்டரின் சுருங்கிய தோலோடுதான் வெளியே வரும். தொழிற்சாலைகளிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது, ஓடிக்கொண்டிருக்கும் உலர்த்தியின் அடுப்பில் வீணாகும் வெப்பம். அதில் ஒரு நீர்ச்சுருளை வைத்தால் தொட்டிக்கான சுடுநீர் விறகில்லாமல் கிடைக்கும்.

எந்த நிலையத்திலும் முதல் பருவத்தைச் சோதனைக்கே ஒதுக்குங்கள். ஒரே தோட்டத்தில், ஒரே நாளில் பறித்த 200 பழத்தை ஐம்பது ஐம்பதாகப் பிரியுங்கள். ஒன்று பரிகரிக்காதது, மற்றவை 50, 52, 54 பாகையில் 2 நிமிடம். நான்கையும் மலையில் வைத்துப் பார்க்காதீர்கள். பதுளைக்கும் கீழே, பழம் விற்கப்படும் வெப்பத்தில் பத்து நாள் வையுங்கள். அழுகியதை ஒரு பத்தியிலும் தோல் வெந்ததை இன்னொரு பத்தியிலும் தினமும் எழுதுங்கள். சூட்டுக் காயம் உடனே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்தே குழியாகவும் கபிலமாகவும் தலைகாட்டும். முதல் நாளே நன்றாயிருக்கிறது என்று எழுதப்படும் அறிக்கைகள் இதனால்தான் பயனற்றவை. பிபிலை இனிப்புத் தோடைக்குக் கிடைக்கும் எண் வெலிமடை மண்டரினுக்குப் பொருந்தாமல் போகலாம். பெரும்பருவத்துக்கும் சிறுபருவத்துக்கும் ஒரு பாகை வேறுபடலாம். கன்னொருவையிலும் பண்டாரவளையிலும் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. இந்த வேலையை ஒருங்கிணைக்க அவற்றைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

இறுதியாக மூன்று வேண்டுகோள்கள். காணி உறுதி இல்லாததால் கமநல நிலையப் பதிவில் பெயர் இல்லாத தோட்டத்து மக்கள் லயத்து ஓரங்களில் வளர்க்கும் மரங்களிலிருந்தும் கணிசமான பழம் சந்தைக்குப் போகிறது. தொட்டியைப் பயன்படுத்தப் பதிவு இலக்கம் கேட்காதீர்கள், கூடைக்கு ஒரு சிறு கட்டணம் போதும். அளவு அட்டைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நாளில், ஒரே அளவில் சுவரில் மாட்டுங்கள். தமிழ் அட்டை பிறகு வரும் என்று விட்டால், இடைப்பட்ட மாதங்களில் ஒருவர் இன்னொருவரிடம் வாய்மொழியாகக் கேட்ட 52 என்ற எண் 62 ஆகிவிடும். தொட்டியை இயக்குபவருக்கு மூன்று நாள் பயிற்சி கொடுங்கள். அதில் ஒரு முழு நாள் வெப்பமானியோடு கழியட்டும்.

முதல் தொட்டி எந்த நிலையத்தில் வருகிறதோ அங்கே, கடல்மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரத்தையும், அந்த உயரத்தில் நீர் கொதிக்கும் பாகையையும் தொட்டிக்கு நேரே மேலே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். பழ வாரியான அட்டைகளின் மாதிரி, பதிவேட்டுப் படிவம், பம்பி குழாய் பொருத்தும் வரைபடம் மூன்றையும் எழுதிக் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறோம். தை மாதத்துக்கு முன் கேட்டால், வரும் பருவத்துச் சோதனைக்கே அவை பயன்படும்.

இப்படிக்கு,
அறுவடைக்குப் பின்னான பழப் பராமரிப்பில் பணியாற்றும் மலையகத்தார்